மஞ்சள் நோட்டீஸ் கொடுக்கும் முன்: ஜப்திக்கு உட்படாத உடைமைகளைக் காத்துக்கொள்வது எப்படி

கடன் கைமீறிப் போன பிறகு ‘ஐ.பி. போடுவது’ என்றும் ‘மஞ்சள் நோட்டீஸ் கொடுப்பது’ என்றும் நம் ஊர்களில் சொல்லப்படும் நொடிப்பு மனுவைத் தாக்கல் செய்ய முனைபவர்களில் பலர், வீட்டுப் பாத்திரம் வரை எல்லாம் போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். சிலரோ, மனுப் போட்டுவிட்டால் எதையும் யாரும் தொட முடியாது என்று நம்புகிறார்கள். இரண்டும் தவறு. 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவுப்படி, ஒருவர் நொடித்தவர் என்று தீர்மானிக்கப்பட்டதும் அவருடைய சொத்து முழுவதும் நீதிமன்றத்திடமோ, சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவரிடமோ சேர்ந்துவிடுகிறது. ஆனால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு எவற்றை ஜப்தியிலிருந்து விலக்கியிருக்கிறதோ அவை அந்தச் சொத்தில் அடங்கா என்று நொடிப்புச் சட்டத்தின் அதே 28-ஆம் பிரிவின் 5-ஆம் உட்பிரிவு சொல்கிறது.

ஆகவே முதல் வேலை சொத்துப் பட்டியல்தான். நொடிப்புச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி, கடன்கொடுத்தோர் ஒவ்வொருவரின் பெயர், முகவரி, தொகை ஆகியவற்றோடு, உங்கள் சொத்துகள் அனைத்தையும் அவற்றின் மதிப்பையும் இருக்குமிடத்தையும் மனுவில் எழுத வேண்டும். விலக்குப் பெற்றவை நீங்கலாக மற்றவற்றை நீதிமன்றத்திடம் ஒப்படைக்கச் சம்மதம் என்றும் உறுதி கூற வேண்டும். விலக்குக் கோரும் பொருளையும் பட்டியலில் காட்டி, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் எந்த உட்பிரிவின்படி கோருகிறீர்கள் என்று பக்கத்திலேயே குறிப்பதே நல்லது. ஒரு தையற்காரரின் பட்டியல் என்றால், ‘தையல் இயந்திரம் 1, கத்தரிக்கோல் 2, இஸ்திரிப் பெட்டி 1, நானே தைத்துப் பிழைக்கும் கருவிகள், 60(1)(பி)’ என்று எழுதலாம். ‘கடைச் சாமான்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், பிறகு ஒவ்வொன்றுக்கும் வாதாட நேரும். கணக்குப் புத்தகங்களை மட்டும் விலக்கிக்கொள்ள முடியாது. சாதாரண ஜப்தியில் அவற்றுக்குப் பாதுகாப்பு இருந்தாலும், நொடிப்பு வழக்கில் ஒப்படைத்தே ஆக வேண்டும்.

உங்களுக்கும் மனைவி, பிள்ளைகளுக்கும் தேவையான உடுப்பு, சமையல் பாத்திரம், படுக்கை ஆகியவையும், சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத தாலி போன்ற அணிகளும் தப்பும். கைவினைஞரின் கருவிகளும், விவசாயியின் ஏர், பிழைப்புக்குத் தேவையென நீதிமன்றம் கருதும் மாடு, விதைநெல் ஆகியவையும் தப்பும். கூலிக்கு ஆள் வைத்து ஓட்டும் பத்து விசைத்தறிகளைக் கைவினைஞரின் கருவி என்று நிலைநாட்டுவது கடினம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மிகுதியாகத் தவறு நேர்வது வீட்டில்தான். குடியிருக்கும் வீடு எல்லோருக்கும் தப்பிவிடாது. விவசாயி, கூலித் தொழிலாளி, வீட்டு வேலையாள் ஆகியோருக்குச் சொந்தமாக இருந்து, அவர்களே குடியிருக்கும் வீட்டுக்கு மட்டுமே விலக்கு உண்டு. விவசாயி என்றால் நிலத்தைத் தாமே பயிரிட்டு, அந்த வருமானத்தையே முதன்மையாக நம்பி வாழ்பவர். ஆள் வைத்துக் கூலி கொடுத்துப் பயிரிட்டாலும் அது தாமே பயிரிடுவதாகும். வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு என்று பிறரிடம் விட்டிருந்தால் ஆகாது. எனவே அடங்கல், விளைபொருள் விற்ற ரசீது, அந்த முகவரியிலுள்ள ரேஷன் கார்டு ஆகியவற்றை மனுப் போடும்போதே சேர்த்து வையுங்கள்.

சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் உங்களுடையவை. மாதம் 30,000 ரூபாய் என்றால், 29,000-இன் மூன்றில் ஒரு பங்கான சுமார் 9,667 ரூபாய்க்கு மேல் பிடிக்க முடியாது. ஜீவனாம்சத் தீர்ப்புக்கு மட்டும் கணக்கு வேறு. கூலியாட்களின் கூலி முழுவதும் தப்பும். வருங்கால வைப்பு நிதி, பி.பி.எஃப்., அரசு ஓய்வூதியம், பணிக்கொடை, உங்கள் ஆயுள் காப்பீட்டுப் பணம் ஆகியவற்றுக்கும் பாதுகாப்பு உண்டு. ‘எந்த விலக்கும் கோர மாட்டேன்’ என்று கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருந்தாலும் கலங்க வேண்டாம்; 60(1ஏ) பிரிவுப்படி அந்த ஒப்பந்தம் செல்லாது.

அடமானம் வைத்த வீட்டுக்கும், வங்கியில் அடகிருக்கும் நகைக்கும் இந்த விலக்குகள் கைகொடுக்கா. ஈடு பெற்றவரின் உரிமையை நொடிப்பு தொடுவதில்லை. மனைவியின் சீதனமோ உங்கள் சொத்தே அன்று. நகைக்கடை ரசீது, கல்யாணத்தில் எடுத்த படம் என எது கிடைத்தாலும் அவர் பெயரில் தனியாக எடுத்து வையுங்கள்.

வேண்டிக் கேட்டுக்கொள்வது ஒன்று: மனுப் போடும் முன் வீட்டை மைத்துனர் பெயருக்கு எழுதிக் கொடுக்காதீர்கள். மனுத் தாக்கலுக்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் விலையின்றிக் கொடுத்ததை நொடிப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவுப்படி ரத்து செய்ய முடியும். மனுவுக்கு முந்தைய 3 மாதங்களுக்குள், மற்றவர்களை விட்டுவிட்டு ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டித் தீர்த்த கடனும் 54-ஆம் பிரிவின்படி செல்லாமல் போகும். சொத்தை மறைத்தால் 69-ஆம் பிரிவுப்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. காக்க முடிந்த வீட்டையும் இப்படிச் செய்து இழந்துவிடக் கூடாது.

சென்னை நகருக்கு 1909-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் பொருந்தும். வழக்கு உயர் நீதிமன்றத்தில் நடக்கும். அதன் 52-ஆம் பிரிவு தொழிற்கருவி, உடுப்பு, படுக்கை, பாத்திரம், மரச்சாமான் எல்லாவற்றுக்கும் சேர்த்து 300 ரூபாய் மதிப்பு வரைதான் விலக்களிக்கிறது. காலத்துக்குச் சற்றும் ஒவ்வாத இந்த வரம்பு திருத்தப்பட வேண்டியது. கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் அளித்தவர்களுக்கோ, 1-12-2019 முதல் 2016-ஆம் ஆண்டின் நொடிப்பு, திவால் சட்டத்தின் வழி பொருந்துகிறது.

1920-ஆம் ஆண்டுச் சட்டப்படி நொடித்தவர் என்று தீர்மானித்த பிறகு, கடன்களிலிருந்து விடுவிப்புக் கோர நீதிமன்றம் ஒரு கெடு விதிக்கும். விடுவிப்புக் கிடைக்கும் வரை புதிதாக வந்து சேரும் சொத்தும், விலக்குப் பெற்றவை நீங்கலாக, ரிசீவருக்கே போகும். கெடுவுக்குள் விண்ணப்பிக்காவிட்டால் 43-ஆம் பிரிவுப்படி நொடிப்புத் தீர்மானமே ரத்தாகிவிடும். ஆகவே அந்தத் தேதியை மனு நகலின் முதல் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.