பால் உறையவில்லையா? மாட்டுக்குப் போட்ட மருந்தையும் விசாரியுங்கள்

பாலும் நல்ல பால், உறைமோரும் புதிது. ஆனாலும் காலையில் பாத்திரத்தைச் சாய்த்தால் பால் அப்படியே ஓடுகிறதா? சூடு போதவில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மடிநோய்க்குப் பென்சிலின் போன்ற ஆன்டிபயாட்டிக் போட்டிருந்தால், அது பாலிலும் இறங்கும். தயிராக்கும் பாக்டீரியாக்களில் ஒன்றான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், துளி பென்சிலினுக்கே முடங்கிவிடும். காய்ச்சினாலும் மருந்து முழுதாகப் போகாது. அதனால் மாடு வளர்ப்பவர்களே, கால்நடை மருத்துவர் சொன்ன நாள் முடியும்வரை அந்தப் பாலைத் தனியாகக் கறந்து கொட்டிவிடுங்கள். மனசுக்குக் கஷ்டம்தான், ஆனால் கன்றுக்கும் அது வேண்டாம். மருந்துச் சந்தேகம் இல்லையென்றால், அப்புறம் சூட்டைப் பாருங்கள்: 40 முதல் 45 டிகிரி, விரலுக்கு இதமான வெதுவெதுப்பு.