சிகரெட் போச்சு, பைப்?

சேலம் ஐந்து ரோட்டில் டீயும் கையுமாக நாளுக்கு 12 சிகரெட். பாக்கெட்டில் அச்சடித்திருக்கும், புகையை நிறுத்த உதவும் எண்ணான 1800-11-2356-க்கு ஒருநாள் கூப்பிட்டேன். நிறுத்தும் தேதியை நானே குறித்தேன். நிகோடின் சூயிங்கம் கைகொடுத்தது. மென்று, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்க வேண்டும். நான் மிட்டாய் மாதிரி மென்று விக்கலில் தவித்தேன்!

பைப்பை மட்டும் விட மனசில்லை. ஞாயிறு ஏற்காட்டில் மட்டும் என்று கணக்கு. பைப் புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்ச் சவ்வு வழியாக நிகோடின் ஏறும். சரி, சிகரெட் பழகிய நெஞ்சு சும்மா இருக்குமா? மூன்றாவது இழுப்பிலேயே உள்ளே போய்விட்டது. இறங்கும்போது 20 கொண்டை ஊசி வளைவிலும் சிகரெட் நினைப்புதான்.

பைப் அலமாரியில் கிடக்கிறது. மிச்சப் புகையிலையை மனைவி ஊறவைத்து ரோஜாச் செடிப் பூச்சிக்குத் தெளித்துவிட்டாள்.