பழைய கலப்பின ஆர்க்கிட்டைப் பெருக்கிக் காக்கும் முறை

கலப்பின ஆர்க்கிட்டின் விதைக் கன்றுகள் ஒன்றைப்போல் மற்றொன்று இராது என்பதால், பழைய ரகம் ஒன்றை அதே பூவோடு காக்க விரும்புவோர் தண்டையோ பக்கக் கன்றையோ பிரித்தே வளர்க்க வேண்டும். 1893இல் சிங்கப்பூரிலிருந்து அறிவிக்கப்பட்ட மிஸ் ஜோக்கிம் என்ற வாண்டா வகை ஆர்க்கிட் அவ்வாறுதான் இன்றும் நிலைத்திருக்கிறது.

வேலூரின் ஏப்ரல், மே அனலில் இவ்வேலை வேண்டாம். ஆடி, ஆவணி மழைக்குப் பின் தொடங்கலாம். வாண்டாவின் தண்டில் இரண்டு மூன்று வேர்கள் விரல் நீளம் நீண்டிருக்கும் இடத்துக்குக் கீழே வெட்டவும். கொத்தாகத் தண்டு விடும் டெண்ட்ரோபியம் வகை ஆர்க்கிட்டாயின் பிரிக்கும் ஒரு பங்கில் மூன்று தண்டுகளாவது இருக்கட்டும். சாறு வழியே பரவும் மொசைக் வைரஸுக்கு மருந்தில்லை என்பதால், ஒவ்வொரு செடிக்கும் கத்தியைத் தீயில் காட்டி ஆறவைத்தே பயன்படுத்த வேண்டும் (இதில் சோம்பல் படுவோர் அரிய செடிகளைத் தொடாமலிருப்பதே நல்லது). வெட்டுவாயில் இலவங்கப்பட்டைத் தூள் தடவலாம்; வேரில் படக் கூடாது.

கரித்துண்டும் ஓட்டுச்சில்லும் இட்ட தொட்டியில் கட்டி, நிழல்வலையின் கீழ் தொங்கவிடுங்கள். உப்பேறிய போர் தண்ணீர் வேரின்மேல் வெள்ளையாகப் படியும். மாடியில் சேமித்த மழைநீரே உகந்தது.

பெயர் தொலைந்த ரகம் பாதி தொலைந்ததே. ஆகவே அலுமினியத் தகட்டில் கீறி எழுதிக் கட்டுங்கள். ஒரு கன்றை ஏலகிரியில் இருக்கும் நண்பரிடமும் கொடுத்து வையுங்கள்.