விசிட்டிங் கார்டு வாங்கியாச்சு, அப்புறம்?

மதுரையில் தொழில் செய்கிறவர்களுக்கு நாலு பேரைச் சந்திக்க இடத்துக்குப் பஞ்சமே இல்லை. 1924-ல் தொடங்கிய தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கம் இருக்கிறது, சிறு தொழில்காரர்களுக்கு மடீட்சியா இருக்கிறது, அது போக முகூர்த்த நாளில் எந்த மண்டபத்துக்குள் நுழைந்தாலும் பந்தியில் பத்து வியாபாரிகள் உட்கார்ந்திருப்பார்கள். கெடுவது எல்லாம் சந்தித்து முடித்த பிறகு போனை வைத்து நாம் அடிக்கிற கூத்தில்தான்.

முதல் கூத்து, வாங்கிய கார்டை சட்டைப்பையோடு துவைக்கப் போட்டுவிட்டு, இரண்டு வாரம் கழித்து ஞாபகம் வந்து ஒரு வார்த்தைகூட எழுதாமல் பன்னிரண்டு பக்க பிடிஎஃப்பை அனுப்புவது. வாங்கியவருக்கு யார் இவர் என்றே தெரியாது. அன்று ராத்திரியே, "அண்ணே, சாயங்காலம் மீட்டிங்கில் காபி குடிக்கும்போது பேசினோமே, கப்பலூரில் அட்டைப்பெட்டி கம்பெனி, நீங்க கேட்ட சைஸில் சாம்பிள் பெட்டி ரெண்டு வெள்ளிக்கிழமை கடைக்குக் கொண்டு வரட்டுமா?" என்று அனுப்பிப் பாருங்கள். எங்கே பார்த்தோம், நான் யார், அடுத்து எப்போது பார்ப்போம், மூன்றும் அதற்குள் வந்துவிட்டது. அதற்குப் பதில் வராமல் போவது அபூர்வம்.

அடுத்தது வாட்ஸ்அப் பிராட்காஸ்ட், அதாவது ஒரே செய்தியை ஒரே தட்டில் பலருக்கும் தனித்தனியாக அனுப்புவது. ஒரு லிஸ்டில் 256 பேரைச் சேர்த்து ஆடித் தள்ளுபடியை அனுப்பிவிட்டு, ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லையே என்று புலம்புகிறவர்கள் நிறைய. உங்கள் நம்பரை அவர்கள் தங்கள் போனில் சேவ் பண்ணியிருந்தால்தான் வாட்ஸ்அப்பில் அந்த பிராட்காஸ்ட் அவர்களுக்குப் போகும். நீங்கள் மட்டும் சேவ் பண்ணி வைத்துப் புண்ணியமில்லை. அதனால் எதிரே நிற்கும்போதே ஒரு மிஸ்டு கால் கொடுத்து, "கடை பேரோட சேவ் பண்ணிக்கோங்கண்ணே" என்று கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். அப்படியே உங்கள் புரொஃபைலையும் ஒருமுறை பாருங்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'கடவுள் துணை', படத்தில் அபிமான நடிகர் என்றால், குரூப்பில் நீங்கள் என்ன எழுதினாலும் உங்கள் நம்பர் இல்லாதவர்களுக்கு அதை எழுதியவர் கடவுள் துணைதான்.

வேலை, தொழில் தொடர்புகளுக்கென்றே இருக்கிற லிங்க்ட்இன் தளத்தின் மேல் ரொம்ப ஆசைப்படுகிறவர்களும் உண்டு. இலந்தைக்குளம், வடபழஞ்சி ஐடி பார்க் ஆட்களோடு வேலை என்றால் சரி, வைத்துக்கொள்ளுங்கள். விளக்குத்தூண் பக்கம் ஜவுளி மொத்த வியாபாரம் பண்ணுகிறவரை அங்கே தேடினால் எப்படிக் கிடைப்பார்? அவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்ப்பார், அதுவும் கடை அடைத்த பிறகு.

நேரில் போக வேண்டிய காரியத்தை போனிலேயே முடித்துக்கொள்வதுதான் இந்த ஊரில் உறவையே கெடுக்கும். கடை திறப்பு விழாவுக்கு மாசி வீதியில் இருக்கிற பெரியவருக்கு பத்திரிகையைப் படமாக அனுப்பி, கீழே ஒரு கும்பிடு எமோஜி போட்டால், அவர் அழைத்ததாகவே கணக்கில் வைக்க மாட்டார். நேரில் போய்ப் பத்திரிகை வையுங்கள். முந்தின நாள் வாட்ஸ்அப்பில் ஒரு ஞாபகமும் மேப் லொகேஷனும் போதும். லொகேஷனை அனுப்பும் முன் நீங்களே ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். இடம் மாறியும் பழைய முகவரியிலேயே பின் குத்தி நின்றால், விருதுநகரிலிருந்து காரில் வருகிறவர் ஏதோ சந்துக்குள் மாட்டிக்கொண்டு நிற்பார்.

தொழிலில் பழகியவர் வீட்டில் காதுகுத்து என்றாலும் இதே கதைதான். குரூப்பில் அறுபதாவது ஆளாக 'வாழ்த்துகள்' போடுவது மொய்யில் சேராது.

வர வேண்டிய பாக்கியைக் கேட்கிற விஷயம் இன்னும் நுட்பம். "பில் போட்டு மூணு மாசமாச்சு" என்று சங்க குரூப்பில் ஒருத்தரைப் பேர் சொல்லி எழுதினால், பணம் ஒருவேளை வரலாம், ஆனால் அந்த ஆளும் அவருடைய சம்பந்தகாரர்களும் அதோடு உங்கள் கடைப் பக்கம் வர மாட்டார்கள். போன் போடுங்கள், எடுக்கவில்லையா, ஒரு மத்தியானம் கடைக்கே போய் உட்காருங்கள்.