டர்பைன் வாங்கும் முன் ஓடையை அளந்து பாருங்கள்

மலைத் தோட்டங்களில் சிறு நீர்மின் அமைப்பு போட்டுத் தருவது என் தொழில். எந்த டர்பைன் (நீரின் வேகத்தில் சுழன்று மின்சாரம் தரும் சக்கரம்) நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இரண்டு: தண்ணீர் எத்தனை மீட்டர் இறங்குகிறது? கடும் கோடையில் வினாடிக்கு எத்தனை லிட்டர் வருகிறது? மழைக்கால அளவை நம்பவே வேண்டாம்.

உயரம் அதிகம், நீர் குறைவு என்றால் பெல்டன் வகை டர்பைன். 900 மீட்டருக்கு மேல் நீர் இறங்கும் நீலகிரியின் பைக்காரா மின் நிலையத்தில் அதுதான். உங்களிடம் 60 மீட்டரும் வினாடிக்கு 20 லிட்டரும் (0.02 கன மீட்டர்) இருந்தால், புவியீர்ப்பு எண் × உயரம் × நீர் என்று 9.81 × 60 × 0.02, அதாவது சுமார் 11.8 கிலோவாட். இழப்பு போக 6, 7 கைக்கு வரும்.

10, 20 மீட்டர்தானா? சரி, கிராஸ்ஃப்ளோ போடுங்கள். நீர் குறைந்தாலும் திறன் அதிகம் குறையாது, நல்ல பட்டறையில் செய்துகொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்தது. நடுத்தர உயரம், சீரான நீர் என்றால் பிரான்சிஸ். சில மீட்டர் இறக்கத்தில் ஆறே ஓடினால் கப்ளான்.