முதுநிலைக்கு விண்ணப்பிக்கும் வேலை ஐந்தாம் பருவத்திலேயே தொடங்குகிறது

சேலத்துக் கல்லூரிகளில் இளநிலை இறுதியாண்டு படிப்பவர்களில் பலர், ஏப்ரல் தேர்வெல்லாம் முடிந்து மே மாதம் வீட்டில் இருக்கும்போதுதான் முதுநிலைப் படிப்பைப் பற்றி விசாரிக்கத் தொடங்குகிறார்கள். அப்போது பெரியார் பல்கலைக்கழகத்துக்கும் அரசு கலைக் கல்லூரிகளுக்கும் விண்ணப்பிக்கலாம், ஆனால் ஐ.ஐ.டி.க்களுக்கும் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் உரிய நுழைவுத் தேர்வுகள் முடிந்து வாரங்கள், மாதங்கள் ஆகியிருக்கும். நல்ல மதிப்பெண் இருந்தும் தேதி தெரியாமல் வாய்ப்பைக் கோட்டைவிட்டவர்களை ஆண்டுதோறும் பார்க்க முடிகிறது. ஆகவே முதலில் நாள்காட்டியைப் பார்த்துவிடுவோம்.

ஐ.ஐ.டி.க்களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வுக்கு வழக்கமாகச் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் விண்ணப்பம் பெறப்படுகிறது. தேர்வு பிப்ரவரியில் நடக்கிறது. இயற்பியல், வேதியியல், கணிதம், கணிதப் புள்ளியியல், உயிரித் தொழில்நுட்பம், பொருளியல், நிலவியல் ஆகிய ஏழு தாள்கள் அதில் உண்டு. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் பி.ஜி. தேர்வைத் தேசிய தேர்வு முகமை 2022 முதல் நடத்துகிறது. அண்மை ஆண்டுகளில் அதற்கான விண்ணப்பம் டிசம்பர் கடைசியை ஒட்டித் தொடங்கி, தேர்வு மார்ச்சில் நடந்திருக்கிறது. எம்.பி.ஏ., எம்.சி.ஏ. படிப்புகளுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வுக்கு ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே பதிவு செய்ய வேண்டும். எம்.இ., எம்.டெக். சேர விரும்பும் பொறியியல் பட்டதாரிகளுக்கு 2023 முதல் சீட்டா என்ற தனித் தேர்வு வந்துவிட்டது. தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு சற்று முன்பின்னாக மாறும் என்றாலும் வரிசை பெரிதாக மாறுவதில்லை. ஐந்தாம் பருவ வகுப்புகள் நடந்துகொண்டிருக்கும்போதே இந்த வேலையைத் தொடங்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

கியூட் தேர்வில் மதிப்பெண் வந்துவிட்டால் இடம் தானாகக் கிடைத்துவிடும் என்று சிலர் நினைத்துக் காத்திருக்கிறார்கள். தேர்வு முகமையின் பொறுப்பு மதிப்பெண் வழங்குவதோடு முடிந்துவிடுகிறது. திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகமோ புதுவைப் பல்கலைக்கழகமோ எதில் சேர விரும்பினாலும், அதன் சேர்க்கைத் தளத்தில் மீண்டும் தனியாகப் பதிந்து, அந்த மதிப்பெண்ணை அங்கே கொடுக்க வேண்டும். அந்தத் தளங்கள் திறந்திருப்பது சில வாரங்கள் மட்டுமே. தேர்வில் ஒரு வினாவுக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறையும். மொழிப் பாடங்கள் முதலான சில தாள்களைத் தவிர மற்றவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகின்றன. எனவே தமிழ்வழியில் இளநிலை படித்தவர்கள் தங்கள் பாடத்தின் கலைச்சொற்களை ஆங்கிலத்தில் பழகிக்கொள்ளச் சில மாதங்களாவது ஒதுக்க வேண்டும். பாடம் தெரிந்திருந்தும் வினா புரியாமல் மதிப்பெண்ணை விடுவது தவிர்க்கக்கூடிய இழப்பு.

உள்ளூர் வாய்ப்புகள்

1997ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பெரியார் பல்கலைக்கழகம் கருப்பூரில், பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டங்களின் கலை, அறிவியல் கல்லூரிகள் அதன் எல்லைக்குள் வருகின்றன. “பெரியார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. படிக்கிறேன்” என்று சொல்பவர் கருப்பூர் வளாகத்துத் துறையில் படிப்பவராகவும் இருக்கலாம், இணைவு பெற்ற கல்லூரி ஒன்றில் படிப்பவராகவும் இருக்கலாம், தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தவராகவும் இருக்கலாம். பட்டம் தருவது ஒரே பல்கலைக்கழகம் என்றாலும் மூன்றுக்கும் விண்ணப்பம் வேறு, கட்டணம் வேறு, ஆய்வகமும் நூலகமும் வேறு. முனைவர் பட்டம் வரை போகும் எண்ணம் உள்ளவர்கள் வளாகத்துத் துறையையே முதலில் முயன்று பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஆய்வு செய்யும் ஆசிரியர்களின் அருகில் இரண்டு ஆண்டுகள் இருப்பதன் பயனை மதிப்பெண் பட்டியலில் காண முடியாது.

செரி சாலையில் உள்ள அரசு கலைக் கல்லூரி, கோரிமேட்டில் உள்ள அரசு மகளிர் கலைக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளில் முதுநிலை சேர, மாநிலம் முழுவதற்கும் பொதுவான இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அண்மை ஆண்டுகளில் விண்ணப்பக் கட்டணம் 58 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய் என்று இருந்தது. பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் பதிவுக் கட்டணம் மட்டும் செலுத்தினால் போதும். ஏற்காட்டிலிருந்து இறங்கும் பேருந்துகள் கோரிமேடு வழியாகவே வருவதால், மலையிலிருந்து தினமும் வந்துபோக எண்ணும் பெண்களுக்கு அந்தக் கல்லூரி வசதியானது. ஸ்ரீ சாரதா மகளிர் கல்லூரி போன்ற தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு அந்தந்தக் கல்லூரியிலேயே நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒரே ஓர் இடத்தை நம்பியிராமல் குறைந்தது மூன்று இடங்களுக்காவது விண்ணப்பம் போட்டு வையுங்கள்.

கட்டணம் செலுத்துவதற்கு முன் தகுதிப் பகுதியை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். அறிவியல் முதுநிலைக்கு அதே பாடத்தையோ அதன் தொடர்புடைய பாடத்தையோ இளநிலையில் படித்திருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. இதழியல், நூலக அறிவியல், சமூகப் பணி போன்றவற்றில் எந்தப் பட்டதாரியும் சேரலாம் என்பதைப் பலர் அறிவதில்லை. எம்.சி.ஏ. சேர விரும்புபவர்கள், பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருக்கிறார்களா என்பதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அரியர் உள்ளவர்களும் பல இடங்களில் விண்ணப்பிக்கலாம். ஆனால் கையேட்டில் குறித்த நாளுக்குள் தேர்ச்சியைக் காட்டாவிட்டால் கிடைத்த இடம் போய்விடும்.

சான்றிதழ்கள்

விண்ணப்பங்கள் அதிகம் சிக்குவது இங்கேதான். முதலாவது பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் “செ. கவிதா” என்று இருக்கும், ஆதார் அட்டையில் அதுவே “கவிதா செல்வம்” என்று தந்தை பெயரோடு விரிந்திருக்கும், வங்கிக் கணக்கில் முன்னெழுத்தே இருக்காது. தமிழ்நாட்டுக் கல்லூரிகள் இதைப் பெரிதுபடுத்துவதில்லை என்றாலும், தேசிய அளவிலான தளங்கள் ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது பொருந்தவில்லை என்று சொல்லிவிடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எல்லாவற்றையும் ஆக்கிக்கொள்வது நல்லது. ஆதாரைத் திருத்த வேண்டுமென்றால், விண்ணப்பம் திறந்த பிறகு ஓடாமல் ஐந்தாம் பருவத் தொடக்கத்திலேயே முடித்துவிட வேண்டும்.

இரண்டாவது சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இடங்கள் ஒதுக்கீட்டில் நிரப்பப்படுகின்றன: பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியல் இனத்தவருக்கு அருந்ததியருக்கான 3 உட்பட 18, பழங்குடியினருக்கு 1. சேர்வராயன் மலைக் கிராமங்களில் பெரும்பான்மையாக வாழும் மலையாளி சமூகத்தினர் சேலம் மாவட்டத்தில் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். பிற்படுத்தப்பட்டோருக்கான சான்றிதழைத் துணை வட்டாட்சியரே வழங்கிவிடுகிறார். பழங்குடியினர் சான்றிதழோ வருவாய்க் கோட்டாட்சியர் வரை சென்று, விசாரணை முடிந்தே கிடைக்கும். பள்ளியில் படித்தபோது வாங்கியது கையில் இல்லாதவர்களும், பழைய அட்டையை மட்டும் வைத்திருப்பவர்களும் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி இப்போதே விண்ணப்பித்துவிடுவது நல்லது. ஜூன் மாதக் கூட்டத்தில் அலையத் தேவையிருக்காது.

மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் செல்லுபடியாகும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மத்தியப் பல்கலைக்கழகத்துக்குச் செல்லாது. அங்கே மத்திய அரசுப் படிவத்தில், வசதி படைத்த பிரிவினர் அல்லர் என்று குறிப்பிடும் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாகத் தேவை. அது நிரந்தரமானதன்று, நடப்பு நிதியாண்டில் பெற்றதையே கேட்கிறார்கள். ஏப்ரலில் புதிய நிதியாண்டு தொடங்கிவிடுவதால், டிசம்பரில் விண்ணப்பத்துக்காக வாங்கியவர் சேர்க்கையின்போது இன்னொன்று வாங்க வேண்டியிருக்கும்.

வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள், டி.சி. எனப்படும் மாற்றுச் சான்றிதழோடு இடப்பெயர்வுச் சான்றிதழையும் தற்காலிகப் பட்டச் சான்றிதழையும் வாங்கி வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒளிநகல் எடுப்பதோடு நிற்காமல், தெளிவாக ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் போட்டு வைப்பது பயன்தரும். மலைக் கிராமங்களில் சிக்னல் வரும்போது வரும், போகும்போது போகும். கடைசி நாள் மாலையில் கைப்பேசியில் கோப்பு ஏற்றுவதை நம்பியிருக்கக் கூடாது.

நோக்கவுரை

பெரியார் பல்கலைக்கழகமும் அரசுக் கல்லூரிகளும் பெரும்பாலும் மதிப்பெண்ணைப் பார்த்தே இடம் தருகின்றன. ஆனால் சில தனியார் பல்கலைக்கழகங்களும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும், இந்தப் படிப்பில் ஏன் சேர விரும்புகிறோம் என்று விளக்கும் ஒரு நோக்கவுரை கேட்கின்றன. நேர்முகத் தேர்வு வைப்பவர்கள் அதையே நேரில் கேட்கிறார்கள். “சிறு வயதிலிருந்தே தாவரவியலில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு” என்று தொடங்கும் உரையைப் படிப்பவர் அதே வரியை அன்று பலமுறை படித்திருப்பார். அதற்கு மாறாக ஏற்காட்டு மாணவி ஒருவர், “எங்கள் ஊர்க் காபித் தோட்டங்களில் நாட்டு மரங்களின் நிழல் குறைந்து சில்வர் ஓக் பெருகிவருகிறது, மூன்றாம் ஆண்டுத் திட்டப்பணிக்காக இரண்டு தோட்டங்களின் நிழல் மரங்களை இனவாரியாகப் பதிவு செய்தேன், எதனால் இப்படி ஆனது என்பதற்கு என்னிடம் இருந்த கருவிகள் போதவில்லை” என்று எழுதினால், அவர் எதற்காக மேலே படிக்க வருகிறார் என்பது மூன்றே வரியில் விளங்கிவிடும்.

இந்த வட்டாரத்தில் இத்தகைய செய்திகளுக்குப் பஞ்சமில்லை. நிலவியல் மாணவருக்குச் சுண்ணாம்புக் கரட்டின் மேக்னசைட்டும், கஞ்சமலையின் இரும்புத் தாதும், சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறையும் பாக்சைட்டும் இருக்கின்றன. நுண்ணுயிரியல் மாணவர் ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரை எடுத்துக்கொள்ளலாம். தாவரவியல் மாணவருக்கு ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் பூங்கா உள்ளது. இவற்றை நேரில் பார்த்து, ஒரு சிறு வேலையாவது செய்த பிறகே எழுத வேண்டும்; நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே உண்மை வெளிப்பட்டுவிடும். இணையத்தில் கிடைக்கும் மாதிரி உரையைப் பெயர் மாற்றி அனுப்புவதைவிட, எளிய ஆங்கிலத்தில் சொந்தமாக எழுதியதை அனுப்புவது எவ்வளவோ மேல்.

உதவித்தொகை

பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை பெறலாம், பி.சி., எம்.பி.சி. மாணவர்களுக்கும் முதுநிலையில் வருமான வரம்போடு உதவி உண்டு. இளநிலையில் மாதம் ஆயிரம் ரூபாய் தந்த புதுமைப் பெண் திட்டம் முதுநிலைக்குத் தொடராது என்பதால், அந்தத் தொகையை எதிர்பார்த்து விடுதிச் செலவைக் கணக்குப் போட வேண்டாம்.

சேரும்போது

அரசு இடங்களுக்கான முடிவு தாமதமாக வருவதால், அதற்கு முன்பே ஒரு தனியார் கல்லூரியில் பணம் கட்டிச் சேர்ந்துவிடுவது இங்கு வழக்கம். பிறகு நல்ல இடம் கிடைக்கும்போது, கட்டிய பணம் திரும்ப வராது என்றும், மூலச் சான்றிதழ்களைத் தர முடியாது என்றும் சில இடங்களில் பதில் வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு அறிவிப்பு இதற்கு மாறானது. மூலச் சான்றிதழ்களைச் சேர்க்கையின்போது சரிபார்த்து உடனே திருப்பித் தர வேண்டும் என்றும், சேர்க்கைக்கு அறிவிக்கப்பட்ட கடைசி நாளுக்குப் பதினைந்து நாள் முன்னதாகவே விலகினால் முழுத் தொகை, அதற்குப் பின் கடைசி நாளுக்குள் என்றால் 90 விழுக்காடு, கடைசி நாள் கடந்த பதினைந்து நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50 திரும்பக் கிடைக்கும் என்றும் அது கூறுகிறது. முப்பது நாளும் கடந்துவிட்டால் ஒன்றும் கிடைக்காது. வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவது இதற்குக் கணக்கில் வராது. விலகுவதாக எழுதிக் கொடுத்து, அதன் நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கிக்கொண்ட பிறகே அடுத்த கல்லூரிக்குப் புறப்பட வேண்டும்.