குழந்தையின் முகத்தில் கட்டி: அமுக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

முதலில் கட்டி எப்போது வந்தது என்று கேளுங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். பிறந்து சில வாரங்களில் சிவப்பாகத் தோன்றி மளமளவென வளர்ந்தால் அது பெரும்பாலும் ஹீமாஞ்சியோமா எனும் ரத்தநாளக் கட்டி. முதல் 5 மாதங்களிலேயே அதன் வளர்ச்சி பெரும்பாலும் முடிந்துவிடும். கண், மூக்கு நுனி, உதடு பக்கம் இருந்தால் ‘தானே போய்விடும்’ என்று காத்திருக்காமல் ஒரு மாத வயதுக்குள் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். தாடைப் பகுதியில் பரவி, மூச்சில் இரைச்சலும் கேட்டால் அன்றைக்கே.

அடுத்து இடம். புருவத்தின் வெளி ஓரத்தில், தோலுக்கு அடியில் பட்டாணி போல நின்று, மேல்தோல் மட்டும் வழுக்கி நகர்ந்தால் டெர்மாய்டு எனும் பிறவிப் பைக்கட்டியாக இருக்கக்கூடும். அவசரமில்லை.

மூக்கின் நடுக்கோட்டில் வந்தால் கதையே வேறு. நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்: ஊசிமுனை அளவு குழியோ, அதிலிருந்து ஒற்றை முடியோ தெரிகிறதா? அழும்போது கட்டி பெரிதாகிறதா? இத்தகைய கட்டி மண்டைக்குள் வரை போயிருக்கலாம். எம்.ஆர்.ஐ எடுக்காமல் ஊசி குத்தினாலோ கீறினாலோ தொற்று மூளையுறை வரை போகலாம், மூளைநீர் கசியலாம். ‘சின்னக் கட்டிதானே’ என்று கை வைத்து மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பிறகு தொட்டுப் பாருங்கள். கல் போலக் கடினம், லேசான நீலச் சாயல், ஓர் ஓரத்தை அழுத்தினால் மறு ஓரம் சீசா பலகை போல எழுகிறது என்றால் அது பெரும்பாலும் பைலோமாட்ரிக்கோமா எனும் முடிவேர்க் கட்டி, புற்றல்ல. இதைச் சாதாரண நீர்க்கட்டி என்று நினைப்பவர்களே அதிகம். தானாகக் கரையாது, முழுதாக எடுக்க வேண்டும், மிச்சம் விட்டால் திரும்ப வரலாம்.

கன்னத்தில் வலியில்லாத சிவந்த கட்டி வாரக்கணக்கில் அப்படியே நிற்கிறதா? ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் அசையவில்லையா? கண்ணிமையில் அடிக்கடி கட்டி வருமா என்றும் கேளுங்கள். கிருமியில்லாத அழற்சிக் கட்டியாக இருக்கலாம். மாதங்களில் ஆறிவிடும், அறுத்தால் தழும்புதான் மிச்சம்.

நடுவில் குழிந்த முத்துப் போன்ற சிறு பருக்கள் மொலஸ்கம் எனும் வைரஸ் தொற்று. தொட்டாலே ரத்தம் கொட்டும் சிவப்பு மொட்டு பையோஜெனிக் கிரானுலோமா எனும் சிறு ரத்தநாளக் கட்டி. ரத்தம் வந்தால் 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

வாராவாரம் வளர்வது, ஆழத்தில் ஒட்டிக்கொண்டு அசையாதது, 3 செ.மீ. தாண்டியது, புண்ணானது, கண்ணை வெளியே தள்ளுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் சாதாரணக் கட்டி என்று விடாதீர்கள். ஸ்கேன், தேவைப்பட்டால் திசுப் பரிசோதனை என்று போக வேண்டும்.